ஏற்பு ஊசி: மருந்து கட்டும் அறையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

வன்னியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மருந்து கட்டும் அறைகளில் பல வருடம் நின்ற தாதி நான். மண்வெட்டி வெட்டு, பனங்கருக்குக் கீறல், தகரம் கிழித்த தோள், போத்தில் ஓடு ஏறிய குதிக்கால் என்று காயங்கள் விதம் விதமாக வரும். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சந்தையிலும் கோயில் வீதியிலும், செத்தவீட்டில் கூட, அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் எழுதியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, ஆகவே முதல் தடவை மேலிருந்து வாசியுங்கள். உங்கள் காயத்தைக் கண்ணால் பார்க்கிற வைத்தியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

ஏற்பு எண்டா என்ன மிஸ்? காயம் அழுகிறதுதானே?

இல்லை. காயம் சீழ் பிடிப்பது வேறு, ஏற்பு வேறு. நாங்கள் ஏற்பு என்று சொல்வதைத்தான் ஆஸ்பத்திரித் துண்டில் ரெற்றனஸ் என்று எழுதுவார்கள். குளொஸ்ரீடியம் ரெற்றனி என்ற பக்டீரியா காயத்துக்குள் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்பு வழியே ஏறி முண்ணாணுக்கும் மூளையின் அடிப்பகுதிக்கும் போய்விடும்.

எங்கள் தசைகள் இறுகுவதற்கு ஒரு கட்டளை இருப்பது போல, இறுகியது போதும் என்று நிறுத்துவதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. நஞ்சு அந்த நிறுத்தும் கட்டளையைத்தான் தடுக்கிறது. அதனால் தாடை பூட்டிக்கொள்ளும், கழுத்தும் வயிறும் முதுகும் பலகை மாதிரி விறைக்கும். காயமோ சீழும் இல்லாமல், வலியும் இல்லாமல், ஆறிப்போனதாகவே இருக்கலாம். "புண் காய்ஞ்சுட்டுது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் இருந்துவிடுவது அதனால்தான் ஆபத்து.

கறள் பிடிச்ச ஆணி குத்தினாத்தானே ஏற்பு? இது புது ஆணி.

கறளுக்கும் ஏற்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. கறள் பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில், சாணியில், பழைய பட்டியடியில் கிடந்த ஆணியாக இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மண்தான் பிரச்சினை. கடையில் வாங்கிய புது ஆணி மாட்டுத் தொழுவத்தில் விழுந்து, பிறகு காலில் ஏறினால் அதே ஆபத்துத்தான்.

இந்தப் பக்டீரியா மாடு, ஆடு, குதிரை போன்ற விலங்குகளின் குடலில் வாழ்ந்து சாணியோடு நிலத்துக்கு வருகிறது. வெளியில் வந்ததும் வித்தியாக, அதாவது தடித்த கோதுக்குள் உறங்குகிற விதை மாதிரி, மாறிக் கிடக்கும். அந்த வித்தி வெயிலையும் வரட்சியையும் தாங்கி வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். பத்து நிமிடம் கொதிநீரில் போட்டாலும் சாகும் என்று நம்ப முடியாது. ஆஸ்பத்திரியில் 121 பாகை நீராவியில் அழுத்தம் கொடுத்துத்தான் அதை அழிக்கிறோம். அறுவடை முடிந்த வயலில் மாடு விட்டு எருப் போடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் காலடி மண்ணில் அது இருக்கிறது என்று எண்ணிக்கொள்வதே சரி.

சின்ன முள்ளுத்தானே, இரத்தம்கூட வரேல்லை. அதுக்கும் ஊசியோ?

இரத்தம் வராத குத்துக் காயத்தைத்தான் நான் கூடக் கவனிப்பேன். இந்தப் பக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் வித்தி முளைக்கும். கத்தி வெட்டி இரத்தம் ஓடின காயம் திறந்து கிடக்கும், கழுவலாம், காற்றுப் படும். உடைமுள் ஆழமாக ஏறி முனை முறிந்து உள்ளே நின்றால், மேலே தோல் மூடிவிடும், உள்ளே சதை செத்திருக்கும், மண்ணும் கூடவே போயிருக்கும். வித்திக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. ஆகவே காயத்தின் அளவைப் பார்க்காதீர்கள். எவ்வளவு ஆழம், உள்ளே என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்.

அப்ப எந்தக் காயத்துக்கு உடன ஆஸ்பத்திரிக்கு வரவேணும்?

மண், சாணி, சேறு பட்ட காயம். ஆணி, முள், மீன்முள் போல ஆழமாகக் குத்தியது. உள்ளே மரச்சிராயோ கம்பியோ கண்ணாடியோ நிற்பது. சதை நசிந்த காயம், அதாவது லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசினின் சில்லுக்குள்ளோ சூடடிக்கிற மெசினுக்குள்ளோ கை கால் போனது. நெருப்புக் காயம், மிருகக் கடி, வெடிப்பொருள் காயம், எலும்பு வெளியே தெரிகிற முறிவு. பட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் கழுவாமல் விட்ட எந்தக் காயமும் இதற்குள் அடங்கும். முல்லைத்தீவுக் கரையில் திருக்கை முள் குத்தினவர்கள் வலியை மட்டும் பார்த்துவிட்டு ஊசியை மறந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அதுவும் ஆழக் குத்துத்தான்.

சமையலறையில் கழுவின கத்தியால் விரலில் மேலாகப் பட்ட வெட்டு, சுத்தமான சிறு காயம். கழுவிக் கட்டலாம். ஆனால் கடைசியாக ஊசி போட்டது எப்போது என்பதை அப்போதும் யோசியுங்கள். கணக்குக் கீழே வருகிறது.

காயம் பட்ட உடன முதல் என்ன செய்யிறது?

இரத்தம் ஓடினால் துப்புரவான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஓட்டம் குறைந்ததும் ஓடுகிற தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீர், தாங்கித் தண்ணீர் எதுவானாலும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். குளத்திலும் வாய்க்காலிலும் காலை நனைப்பது கழுவுதல் ஆகாது. ஐந்து நிமிடமாவது ஊற்றிக் கழுவவேண்டும். வலிக்கும், பிள்ளைகள் அழுவார்கள், அப்படியும் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மண்ணை எடுத்துவிடுங்கள். ஆழமாக நிற்கிற கம்பியையோ கட்டையையோ நீங்கள் இழுக்கவேண்டாம். அப்படியே அசையாமல் கட்டிக்கொண்டு வாருங்கள்.

கழுவினால் வித்தி எல்லாம் போய்விடாது, ஆனால் அது முளைக்கத் தேவையான அழுக்கும் செத்த சதையும் குறையும். மிச்சத்தை நாங்கள் மருந்து கட்டும் அறையில் வெட்டித் துப்புரவாக்குவோம். மிக அழுக்கான காயத்தை உடனே தைக்காமல் சில நாள் திறந்து விட்டால் "தைக்கேல்லையே" என்று கோபிக்காதீர்கள். மூடினால் காற்றுப் போகாது. மூன்றாவது பதிலில் சொன்ன காரணம்தான்.

கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் வைச்சுத்தானே அம்மம்மா எல்லாம் சுகப்படுத்தினவை?

அம்மம்மாவின் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆஸ்பத்திரி பதினைந்து கட்டைக்கு அப்பால், வழியில் காடு, யானை, வாகனம் இல்லை. கையில் இருந்ததை வைத்தார்கள். கோப்பித்தூள் இரத்தத்தை அடைத்தது போல இருக்கும், ஆனால் அடைத்ததோடு அழுக்கையும் உள்ளே பூட்டிவிடும். மண்ணெண்ணெய், கிறீஸ், சுண்ணாம்பு எல்லாம் சதையைப் பொசுக்கும். செத்த சதை ஏற்புக்குச் சோறு. கசக்கின பச்சிலை மண்ணோடு வரும். சாணியும் சாம்பலும் எப்படியும் கூடாது. திருநீற்றை நெற்றியில் பூசுங்கள், புண்ணுக்குள் வேண்டாம்.

ஒரு காலத்தில் பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணிச் சாம்பலோ எண்ணெயோ வைத்து, ஒரு கிழமைக்குள் பிள்ளை பால் குடிக்க வாய் திறக்காமல், விறைத்து, செத்துப்போகும். "ஏழாம் நாள் வருத்தம்" என்று கிழவிகள் பயந்து சொன்னது பெரும்பாலும் இந்த ஏற்புத்தான். தாய்மாருக்கு ஊசி போட்டும், துப்புரவான பிளேட்டால் தொப்புள் வெட்டியும் அதை நிறுத்தினோம். எங்கள் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய், சேய் ஏற்பு ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மண்ணில் கிருமி இன்னும் கிடக்கிறது, மாறினது எங்கள் கைப்பழக்கமும் ஊசியும்தான். தொப்புளில் இப்போதும் எதுவும் வைக்கவேண்டாம்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஏற்பூசி போடவேணும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

இல்லை. அடிக்கடி கேட்கிற பிழையான கணக்கு இது. முக்கியமானது, வாழ்நாளில் மொத்தம் எத்தனை தடவை போட்டீர்கள் என்பதும், கடைசித் தடவை எப்போது என்பதும். குறைந்தது மூன்று ஊசி முறைப்படி போட்டவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சுத்தமான சிறு காயம் பட்டால், கடைசி ஊசி 10 வருடத்துக்குள் என்றால் ஒன்றும் தேவையில்லை. அழுக்கான, ஆழமான காயம் என்றால் அந்த எல்லை 5 வருடம். எல்லை தாண்டியிருந்தால் ஒரு ஊசி போடுவோம்.

மூன்றுக்குக் குறைவாகப் போட்டவருக்கும், ஒன்றும் தெரியாதவருக்கும் எந்தக் காயத்துக்கும் ஊசி போடவேண்டும். அதுவும் ஒன்றோடு முடியாது. தேவையில்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருக்காப் போட்டால் கை முழுக்கச் சிவந்து வீங்குகிற தொல்லை கூடலாம். கூடுதல் காப்பு ஒன்றும் கிடைக்காது.

சின்னனில கிளினிக்கில போட்டதெல்லாம் இந்தக் கணக்கில வருமோ?

வரும், அதுதான் அத்திவாரம். எங்கள் நாட்டில் பிள்ளைக்கு 2, 4, 6 மாதத்தில் போடுகிற ஊசியிலும், 18 மாதத்து முக்கூட்டு ஊசியிலும், 5 வயது ஊசியிலும், பள்ளிக்கூடத்தில் 11 வயதளவில் போடுகிற ஊசியிலும் ஏற்புக்கான மருந்து இருக்கிறது. ஆறும் ஒழுங்காக விழுந்தால் வளர்ந்த பிறகும் நீண்ட காலம் காக்கும். 11 வயது ஊசியன்று பயத்தில் பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நாளில் பிள்ளை நின்றதா என்று அம்மா, அப்பா கேட்டு வையுங்கள். தவறியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லிப் போடலாம்.

இடம்பெயர்வில காட் எல்லாம் துலைஞ்சு போச்சு மிஸ். போட்டதோ இல்லையோ தெரியாது.

வன்னியில் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். 2008, 2009இல் யுத்தத்தால் ஊர் ஊராக ஓடினபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று வயலில் வேலை செய்கிறார்கள், மேசன் வேலைக்குப் போகிறார்கள், கண்ணிவெடி அகற்றும் வேலையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஊசி விழுந்தது, எது தவறியது என்று தாய்க்கும் நினைவில்லை. கிளினிக் கொப்பி எந்தப் பதுங்குகுழியில் போனதோ யாருக்குத் தெரியும்.

பதில் எளிது. எழுத்து இல்லையென்றால் போடவில்லை என்றே கணக்கெடுக்கவேண்டும். வெட்கப்பட எதுவும் இல்லை, "போட்டனான் போல" என்று ஊகித்துச் சொல்லவும் வேண்டாம். "தெரியாது, காட் இல்லை" என்று சொன்னால் போதும். முன்பு போட்டிருந்து இப்போது மேலதிகமாக ஒன்றிரண்டு விழுந்தால் கை கொஞ்சம் கூட வலிக்கும், அவ்வளவுதான். போடாமல் இருந்து போட்டதாக நினைத்தால் உயிர் போகலாம். வளர்ந்தவருக்கு முதலிலிருந்து தொடங்குவது மூன்று ஊசி: இன்று ஒன்று, நாலு கிழமையில் இன்னொன்று, அதிலிருந்து ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மூன்றாவது. இடையில் பிந்தினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம்.

இதில் ஆண்களை எண்ணித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பெண்கள் பிள்ளைப்பேற்றுக் கிளினிக்குக்குப் போகும்போது ஊசியும் விழும், கொப்பியிலும் எழுதுவார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆண்களிடம் கடைசி ஊசி எப்போது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பதும் அவர்கள்தான்.

ரெண்டு பக்கத்திலயும் ரெண்டு ஊசி போட்டவை. ஒண்டு காணாதோ?

இரண்டும் வேறு வேறு மருந்து. ஒன்று தடுப்பூசி. ஏற்பு நஞ்சைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. அதைக் கண்டு, நஞ்சை முறிக்கிற பிறபொருளெதிரி என்ற பொருளை உங்கள் உடம்பு தானே செய்யப் பழகும். முன்பு ஊசி போட்டவருக்கு உடம்பு சில நாளில் விழித்துக்கொள்ளும். ஒருபோதும் போடாதவருக்கு முதல் ஊசியால் அவசரத்துக்குக் காப்பு வராது. காயத்துக்குள் இருக்கிற கிருமி அதுவரை காத்திராது.

அதனால் அழுக்கான காயத்தோடு வருகிற, ஊசிக் கணக்கு இல்லாதவருக்கு, ஆயத்தமாக எடுத்த பிறபொருளெதிரியை இன்னொரு இடத்தில் போடுவோம். பொதுவாக 250 அலகு. அது உடனே வேலை செய்யும், சில கிழமையில் கரைந்துபோகும். பத்தாயத்தில் நெல் இல்லாத நேரம் அயல்வீட்டில் கடன் வாங்கிச் சமைப்பது மாதிரி. கடன் அரிசி தீர்வதற்குள் உங்கள் சொந்த விளைச்சல் வரவேண்டும், ஆகவே நாலு கிழமையில் அடுத்த ஊசிக்கு வரத்தான் வேண்டும். புண் ஆறிவிட்டது என்று வராமல் விடுகிறவர்கள்தான் அனேகம்.

காயம் பட்டு 24 மணித்தியாலம் தாண்டிப்போச்சு. இனிப் போட்டு என்ன பிரயோசனம்?

பிரயோசனம் இருக்கிறது. முந்தினால் நல்லது, ஆனால் 24 மணித்தியாலத்தோடு கதவு பூட்டுவதில்லை. ஏற்பு பெரும்பாலும் காயம் பட்டு 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும், சிலருக்கு அதற்கும் பிந்தும். மூன்றாம் நாள் யோசனை வந்தாலும், ஒரு கிழமை கழித்து வந்தாலும் வாருங்கள். எத்தனை நாள் ஆனது என்று மறைக்காமல் சொல்லுங்கள். "ஏன் இவ்வளவு நாள்?" என்று ஆரும் ஏசினால் ஏச்சைக் கேட்டுக்கொண்டாவது போட்டுக்கொண்டு போங்கள்.

நாய் கடிச்சதுக்கு ஏற்பூசி போட்டாச்சு. காணும்தானே?

காணாது. விசர்நாய்க்கடிக்கான ஊசி முழுக்க வேறு. கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பூனை, நரி, குரங்கு கடித்தாலும் இப்படித்தான். ஏற்பூசி கணக்குப்படி தேவைப்பட்டால் அதோடு சேர்த்துப் போடப்படும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதையும் போட்டதாக நினைப்பது உயிரோடு விளையாடுவது.

பாம்பு கடிச்சு அண்ணை வாட்டில கிடக்கிறார். இன்னும் ஏற்பூசி போடேல்லை, கவனிக்கினம் இல்லையோ?

கவனித்துத்தான் போடாமல் வைத்திருப்பார்கள். புடையன் போன்ற பாம்பின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். அந்த நேரம் தசைக்குள் ஊசி குத்தினால் குத்தின இடத்தில் இரத்தம் கசிந்து வீங்கும். விஷ முறிவு மருந்து ஏற்றி, இரத்தம் உறைகிறது என்று பார்த்த பிறகு ஏற்பூசி போடுவார்கள். வீட்டுக்கு விடும்போது "ஏற்பூசி விழுந்ததோ?" என்று ஒருக்காக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலில புண் மாசக்கணக்கா ஆறேல்லை. அது காயம் இல்லைத்தானே?

காயம்தான். ஆறாத புண்ணுக்குள் செத்த சதை இருக்கும், இரத்த ஓட்டம் குறைவு, அவருக்கு வலியும் தெரியாது. முள் ஏறி இரண்டு நாள் செருப்புக்குள் நின்றும் தெரியாமல் வந்தவரைக் கண்டிருக்கிறேன். சீனி வருத்தக்காரருக்கு ஏற்பு வருகிற ஆபத்துக் கூட. அவருடைய மாதக் கிளினிக்கில் ஊசிக் கணக்கையும் கேளுங்கள். இரவில் படுக்கமுன் பேரப்பிள்ளை ஒன்றிடம் ரோச் லைற்றைக் கொடுத்துத் தாத்தாவின் இரண்டு பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயித்தில பிள்ளை இருக்கு. இந்த நேரம் ஊசி போட்டா பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?

செய்யாது. தாய்க்குப் போடுகிற ஊசியில் உண்டாகும் பிறபொருளெதிரி கொப்பூழ்க்கொடி வழியே பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் பிள்ளையைக் காக்கும். எத்தனை ஊசி என்பது முன்பு போட்டதைப் பொறுத்தது. பழைய கொப்பிகளை எல்லாம் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள், அவர் கணக்குப் பார்ப்பார்.

வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குத் தூக்குக்காவடி நேர்த்தி இருக்கு. முன்னுக்கே ஊசி போடலாமோ?

முன்னுக்கே போடுவதுதான் சரி. கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். செடில், அதாவது காவடிக்கான கொக்கி முள், குத்துவதும் ஆழமான குத்துக் காயம்தான், அதோடு வெறும் மண்ணில் நடை, பிரதட்டை, சன நெரிசல். பிள்ளை வயதில் எல்லாம் போட்டு, கடைசி ஊசி பழையதானவர் அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே ஒன்று போட்டால் போதும். கணக்குத் தெரியாதவர் இரண்டு மாதம் முன்னுக்குத் தொடங்கவேண்டும், அப்போதுதான் நாலு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி விழும்.

இன்னொன்று. முட்கள் ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. ஒருவரின் இரத்தம் பட்ட முள்ளால் மற்றவருக்கு ஈரல் அழற்சி போன்ற வேறு நோய்கள் போகலாம், ஏற்பூசி அவற்றைத் தடுக்காது. முள் குத்துகிற பெரியவரிடம் பணிவாகக் கேளுங்கள், ஆவியில் அவித்த முட்களா என்று. முள் கழற்றின துளையில் திருநீறு அடைப்பதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

செல் துண்டு இன்னும் தொடைக்குள்ள கிடக்கு. அதால ஏற்பு வருமோ?

பல வருடத்துக்கு முன் பட்டு, மூடி, சீழ் இல்லாமல் இருக்கிற எறிகணைத் துண்டால் இனி ஏற்பு வருவது மிக அரிது. ஆனால் வித்தி உடம்புக்குள் நீண்ட காலம் உறங்கிக் கிடக்கக்கூடியது என்பதும் உண்மை. அந்த இடம் திரும்ப வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, துண்டை எடுக்க வெட்டப்போகிறார்கள் என்றாலோ, ஊசிக் கணக்கை முதலில் சரிபண்ணுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்வது: துண்டை நினைத்து இரவில் விழித்திருக்க வேண்டாம், ஒரு நாள் வந்து மூன்று ஊசியைத் தொடங்குங்கள். அதோடு அந்தப் பயத்தில் பாதி போகும்.

கிடாய்க்கு நலம் அடிச்ச பிறகு கால் விறைச்சுச் செத்துப் போச்சு. எங்களுக்கும் ஒட்டுமோ?

விதையடித்த காயத்தால் வந்த ஏற்பாக அது இருக்கலாம். ஆடு, குதிரைகளுக்கு இது இலகுவில் வரும். ஆட்டிலிருந்து ஆளுக்கோ, ஆளிலிருந்து ஆளுக்கோ தொற்றாது. ஏற்பு வந்தவரைத் தொடலாம், பக்கத்தில் இருக்கலாம். ஆனால் அந்தக் கொட்டிலின் மண்ணில் வித்தி இருக்கிறது என்பதற்கு அந்தக் கிடாய் சாட்சி. அங்கே செருப்போடு நில்லுங்கள், மற்றக் குட்டிகளுக்கு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

ஊசி போட்டா நண்டு, கணவாய், கத்தரிக்காய் சாப்பிடலாமோ?

சாப்பிடலாம். பத்தியம் ஒன்றும் இல்லை. கை ஓரிரு நாள் நோகும், சிலருக்கு இலேசாய்க் காய்ச்சல் காயும். முன்பு ஊசியால் மூச்சு இழுத்ததோ முகம் வீங்கினதோ இருந்தால் போடுமுன் சொல்லுங்கள். போட்டபின் கால் மணித்தியாலம் வாங்கிலில் இருந்துவிட்டுப் போங்கள்.

ஊசிக்குப் பதிலா அன்ரிபயோற்றிக் குளிசை குடிச்சாக் காணாதோ?

காணாது. குளிசை பக்டீரியாவைக் கொல்லலாம், ஆனால் வித்தியை ஒன்றும் செய்யாது, சுரந்த நஞ்சையும் முறிக்காது. காயம் சீழ் பிடிக்காமல் இருக்க வைத்தியர் குளிசை தந்தால் குடியுங்கள், ஊசியையும் போடுங்கள்.

இப்ப ஊரில ஒருத்தருக்கும் ஏற்பு வாறேல்லை. எல்லாரும் போட்டிருக்கினம்தானே, நான் போடாட்டா என்ன?

சின்னமுத்து போன்ற நோய்க்கு இந்த நியாயம் கொஞ்சம் பொருந்தும். சுற்றியிருப்பவர்கள் ஊசி போட்டால் நோய் உங்களிடம் வர வழி குறையும். ஏற்பு ஆளிடமிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊர் முழுக்கப் போட்டிருந்தாலும் உங்கள் காலில் ஏறுகிற முள்ளுக்கு அது தெரியாது. இதில் மட்டும் ஒவ்வொருவரும் தன்னைத் தானே காக்கவேண்டும்.

ஒருக்கா ஏற்பு வந்து தப்பினவருக்கு இனி வராதுதானே?

வரும். பலர் நம்பமாட்டார்கள். ஏற்பு நஞ்சு அவ்வளவு கொடியது, ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்பு உண்டாக்கப் போதாத சிறு அளவு. அதனால் தப்பிப் பிழைத்தவருக்கும் ஆஸ்பத்திரியிலேயே தடுப்பூசி தொடங்குவோம்.

வந்திட்டுது எண்டு எப்பிடி அறியிறது?

முதலில் வாய் திறக்கக் கஷ்டம். சோற்றுக் கவளம் வைக்க முடியவில்லை, தாடை இறுகுது என்பார்கள். பல்வலி என்று நினைத்து ஒரு நாள் போய்விடும். பிறகு விழுங்க முடியாது, கழுத்து, வயிறு விறைக்கும், முகம் இழுபட்டுச் சிரிப்பது போலத் தோன்றும், முதுகு வில்லாக வளையும். கதவு அடிக்கிற சத்தமோ வெளிச்சமோ தொடுகையோ போதும், உடம்பு முழுக்கத் தூக்கி அடிக்கும். காக்கைவலிப்பில் பெரும்பாலும் நினைவு தப்பும். ஏற்பில் நினைவு தெளிவாக இருக்கும், ஒவ்வொரு இழுப்பின் வலியும் அவருக்குத் தெரியும். இருட்டாக்கின அறையில் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பராமரித்த ஒரு வயதான ஐயாவை இப்போதும் நினைப்பேன். அவர் காயம் கிழுவை வேலி கட்டும்போது ஏறின ஒரு கம்பி முனை.

தாடை இறுகினால் காயம் இருக்கோ இல்லையோ, ஊசி போட்டதோ இல்லையோ, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாய்க்குள் தண்ணீரோ கசாயமோ ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போகும். நரம்பில் ஒட்டின நஞ்சை எந்த மருந்தாலும் கழற்ற முடியாது. ஓடித் திரிகிற மிச்ச நஞ்சைப் பிறபொருளெதிரியால் முறித்து, தசையைத் தளர்த்தி, மூச்சுக்கு மெசின் கொடுத்து, நரம்பு தேறும்வரை கிழமைக்கணக்கில் தீவிர சிகிச்சையில் வைத்திருக்கவேண்டும். அப்படிப் பார்த்தும் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறக்கிறார்கள்.

காயம் ஒண்டும் இல்லை. சும்மா போய்க் கேட்டா போடுவினமோ? காசு வருமோ?

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள்வரை போகவேண்டிய அவசியமும் இல்லை, உங்கள் பிரதேச ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேளுங்கள். "ஊசி போடுங்கோ" என்று மட்டும் சொல்லாமல், "எனக்கு இவ்வளவு வயசு, வயல் வேலை, மூண்டு ஊசி போட்டதுக்குக் கணக்கு இல்லை" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். காலபோக விதைப்புக்கு முன் கேட்டால் உங்களுக்கும் வசதி, எங்களுக்கும் கூட்டம் குறைவு. தெருக்கடையில் வாங்கி வீட்டில் வைத்துப் போடவேண்டாம். மருந்து 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்கவேண்டும், உறைந்தாலும் கெட்டது, வெயிலில் கிடந்தாலும் கெட்டது.

போட்டதும் திகதியையும் எத்தனையாவது ஊசி என்பதையும் துண்டில் எழுதி வாங்குங்கள். ரெலிபோனில் ஒரு படம் எடுங்கள். பிறகு அந்தத் துண்டை, காணி உறுதியும் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் வைத்து, ஓடவேண்டி வந்தால் முதலில் கையில் எடுக்கிற அந்தப் பைக்குள் வையுங்கள்.